மத்தூரோ: கனிதலுக்கும் காலைப்பொழுதுக்குமான உறவு பற்றிய ஓர் ஆய்வு

இத்தாலியப் பழக்கடையில் பீச் பழத்தை அமுக்கிப் பார்ப்பவரும், பள்ளியிறுதி விடைத்தாளைத் திருத்துபவரும் தேடுவது ஒன்றையே: ‘மத்தூரோ’. பழுத்தது, பக்குவப்பட்டது. பழத்துக்குக் கட்டைவிரல் போதும். பிள்ளைகளுக்கு அரசாங்கமே தேவைப்பட்டது. 1923இல் கல்வி அமைச்சர் ஜொவான்னி ஜென்டிலே ‘மத்தூரிதா’ தேர்வைக் கொண்டுவந்தார். இன்று 100க்கு 60 எடுத்தால் கனி; 59 என்றால் காய். 1997இல் சட்டம் இதற்கு ‘அரசுத் தேர்வு’ என்று பெயர் மாற்றிப் பார்த்தது. ஜனங்கள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

வேர் லத்தீன் ‘மத்தூருஸ்’. விடியலின் தேவி மாத்தேர் மத்தூத்தாவும், காலையைக் குறிக்கும் ‘மத்தீனோ’வும் இதன் பங்காளிகள். உரிய வேளையில் நேர்வது என்பதே குலப்பொருள். ஆகவே பத்து மணிக்கு எழுபவர் பக்குவப்பட்டவராக இருக்க வழியில்லை என்பது நம் முதல் முடிபு. (இது எழுதப்பட்டது பிற்பகலில்.) ‘நாளை’ என்பதற்கான ‘தொமானி’யும் லத்தீனில் ‘காலையில்’ என்ற தொடரிலிருந்து வந்ததுதான். பக்குவம் எப்போதும் நாளைக்கே என்பது இரண்டாம் முடிபு. இதற்குச் சான்று தேவையில்லை.

மத்தூத்தாவுக்குப் பண்டைய ரோமின் மாட்டுச்சந்தைத் திடலில் கோயில் இருந்தது. ஜூன் 11 திருவிழா. அன்று பெண்கள் தம் பிள்ளைகளுக்காக வேண்டவில்லை, உடன்பிறந்தாளின் பிள்ளைகளுக்காக வேண்டினார்கள். மத்தூரிதா தேர்வு தொடங்குவதும் ஜூனில்தான். பக்குவத்தைப் பெற்றவள் பொறுப்பில் விடாமல் பெரியம்மா, சித்தியிடம் ஒப்படைத்த ரோமானியரின் முன்யோசனை தனி நூலுக்குரியது.

சிசரோவின் நண்பரான நிகிதியுஸ் ஃபிகுலுஸ் ‘மத்தூருஸ்’ என்ற சொல்லுக்கு எல்லை வகுத்தார்: முந்தவும் கூடாது, பிந்தவும் கூடாது. அவர் காலத்துக்குப் பின் இந்த வரையறைக்கு இடைஞ்சல் செய்தது ஆப்ரிகாட். முந்திப் பழுக்கும் என்பதால் லத்தீனில் அதற்கு ‘ப்ரைகோக்ஸ்’ வழியில் பெயர் வைத்தார்கள், அதாவது அவசரக்குடுக்கை. அப்பெயர் கிரேக்கம் போய், அரபியில் ‘அல்பர்கூக்’ ஆகி, இத்தாலிக்கு ‘அல்பிகோக்கா’வாகத் திரும்பியது. இத்தனை ஊர் சுற்றியதில் தன் பழைய பொருளை வழியிலேயே தொலைத்துவிட்டது.

ஆகவே ‘அல்பிகோக்கா மத்தூரா’ என்று கேட்பவர் வேர்ப்பொருளில் கேட்பது, முந்திக்கொண்டு வந்த, ஆனால் சரியான வேளைக்கு வந்த பழத்தை. இலக்கணப்படி அப்படியொரு பொருள் உலகில் இருக்க முடியாது. கடைக்காரர் கிலோக் கணக்கில் நிறுத்துத் தருகிறார்.