வாலாட்டும் எந்திரங்கள்

கேள்வி: கப்பலுக்கும் நீர்மூழ்கிக்கும் புரொப்பெல்லர் இருக்கும்போது, ரோபோவுக்கு எதற்கு மீன் வால்?

பதில்: நேர்கோட்டில் விரைந்து போவதில் புரொப்பெல்லரை மிஞ்ச ஆளில்லை. பவளப்பாறைக்குள் நுழைந்து நிதானமாகச் சுற்றிப் பார் என்றால்தான் திணறும். பாசி சுற்றிக்கொள்ளும், அடிமணல் கலங்கும், இரைச்சலில் மீன்கள் சிதறி ஓடும். பார்க்கப் போனவர்களையே விரட்டிவிட்டால் என்ன ஆராய்ச்சி நடக்கும்? அமெரிக்காவின் எம்.ஐ.டி. குழு 2018-ல் அறிமுகப்படுத்திய ‘சோஃபி’ என்ற ரோபோ மீன், மெத்தென்ற ரப்பர் வாலை ஆட்டிக்கொண்டு ஃபிஜித் தீவுப் பவளப்பாறைகளுக்கிடையே நீந்தியது. உள்ளூர் மீன்கள் பக்கத்திலேயே நீந்தின! முக்குளிப்பவர் வீடியோ கேம் கன்ட்ரோலரை அழுத்த, கட்டளை ஒலியாகப் போய்ச் சேர்ந்தது. ரேடியோ அலையைத் தண்ணீர் சீக்கிரமே விழுங்கிவிடும்.

கேள்வி: ‘செத்த மீன்தான் ஆற்றோடு போகும்’ என்கிறார்களே?

பதில்: செத்த மீனும் எதிர்நீச்சல் போடும். 2006-ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், ஓடும் நீரில் ஒரு தூணை நிறுத்தி, அதன் பின்னால் உயிரற்ற ட்ரௌட் மீனை விட்டார்கள். தூணைத் தாண்டும் நீர் இடமும் வலமுமாக மாறி மாறிச் சுழித்தது. அந்தச் சுழிகளில் மீனின் உடல் தானாக நெளிந்து, தூணை நோக்கி முன்னேறியது. கட்டளையிட மூளை இல்லை, தசையும் இயங்கவில்லை. வளைந்துகொடுக்கும் உடலும் சுழிக்கும் நீருமே போதுமாயிருந்தன. இந்தத் துறையில் எனக்கு மிகப் பிடித்த சோதனை இதுதான்.

கேள்வி: திருக்கையின் வாலில் அவ்வளவு பலம் தெரியவில்லையே, அது எப்படி நீந்துகிறது?

பதில்: தலையோடு ஒட்டி இருபுறமும் விரிந்திருக்கும் நெஞ்சுத் துடுப்புகளால். மணலில் படுத்துக் கிடக்கும் கொட்டும் திருக்கைகள் பலவும் துடுப்பு விளிம்பில் முன்னிருந்து பின்னாக அலையை ஓடவிடும். மான்டா திருக்கையோ துடுப்பை மேலும் கீழும் வீசி, நீருக்குள்ளேயே பறக்கும்.

மீனின் நீச்சலை எந்திரமாக்க எத்தனை மோட்டார் வேண்டும்? 1990-களில் எம்.ஐ.டி. செய்த ‘ரோபோடியூனா’ என்ற சூரை மீனுக்கு ஆறு தேவைப்பட்டன. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம் 2017-ல் காட்டிய ‘மான்டாட்ராய்டு’க்குத் துடுப்புக்கு ஒன்றுதான். வளையும் பி.வி.சி. தகட்டில் 40 விதத் துடுப்புகளைச் செய்து பார்த்தார்கள். மோட்டார் துடுப்பை வீசும், அது எப்படி வளைய வேண்டும் என்பதைத் தண்ணீர் பார்த்துக்கொள்ளும். 63 செ.மீ. அகலம், 700 கிராம் எடை கொண்ட அந்தத் திருக்கை, நொடிக்கு 0.7 மீட்டர் வேகத்தில் 10 மணி நேரம் வரை நீந்தக்கூடியது.

கேள்வி: ஆழ்கடலில் நசுங்கிவிடாதா?

பதில்: உள்ளே காலி இடமும் வெளியே விறைப்பான கூடும் இருந்தால்தான் நசுங்கும். சீன ஆய்வாளர்கள் ஒரு ரோபோ மீனின் மின்னணுச் சில்லுகளை ஒன்றிலிருந்து ஒன்றைத் தள்ளிப் பிரித்து, மெத்தென்ற சிலிக்கோனுக்குள் பதித்தார்கள். 2021-ல் வெளியான அந்த ஆய்வின்படி, மரியானா அகழியில் 10,900 மீட்டர் ஆழத்திலும் அந்த ரோபோ துடுப்பு அடித்தது.

கேள்வி: எலியின் இதயத்தால் நீந்தும் திருக்கை உண்டாமே, நிஜமா?

பதில்: நிஜம். ஹார்வர்டின் கெவின் கிட் பார்க்கர் குழு 2016-ல் செய்தது. 16 மி.மீ. நீளம், தங்க எலும்புக்கூடு, அதன்மேல் ஏறத்தாழ 2,00,000 எலி இதயத்தசைச் செல்கள். ஒளி பட்டால் சுருங்கும்படி அவற்றை மாற்றியிருந்தார்கள். இரு துடுப்புகளுக்கும் வெவ்வேறு வேகத்தில் ஒளியைச் சிமிட்டினால் திரும்பும். 2022-ல் மனிதச் செல்களால் ஒரு மீன் செய்தார்கள். ஒரு பக்கத் தசை சுருங்கும்போது மறுபக்கம் இழுபட்டு, அடுத்து அது சுருங்கும். இப்படியே 100 நாட்களுக்கும் மேல் நீந்தியது. இதயமும் திரவத்தைத் தள்ளும் தசைதானே? இதயக் குறையோடு பிறக்கும் குழந்தைக்கு ஒரு மாற்று இதயம் கட்டுவதுதான் பார்க்கரின் இலக்கு.