ஒரு ஃபர்ம்வேர் கோப்பு கோரும் விண்ணப்பம்

அனுப்புநர்:
தங்கள் வைஃபை கார்டு ஒன்றை முழு விலை கொடுத்து வாங்கியவர், சென்னை.

பெறுநர்:
உயர்திரு பொது மேலாளர் அவர்கள், லினக்ஸ் ஆதரவுப் பிரிவு (அப்படி ஒன்று இருக்கும்பட்சத்தில்), வைஃபை சிப் தயாரிக்கும் கம்பெனி.

பொருள்: டெஸ்க்டாப்பில் செருகிய கார்டு உயிரோடு இருந்தும் வேலை செய்ய மறுப்பது தொடர்பாக.

பார்வை:
1. அட்டைப்பெட்டியின் பின்பக்கக் கடைசி வரி: ‘லினக்ஸ் ஆதரவு உண்டு.’
2. கெர்னல் பதிவேடு, பிழை எண் -2.

ஐயா,

வணக்கம். பார்வை ஒன்றில் கண்ட வாசகத்தை நம்பித் தங்கள் கார்டை ரிச்சி தெருவில் வாங்கினேன். “லினக்ஸா? பேசாம விண்டோஸ் போட்டுடுங்க சார், நானே போட்டுத் தரேன்” என்றார் கடைக்காரர். உங்கள் நிறுவனத்தைப் பற்றி என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது.

கார்டில் பழுதில்லை என்பதை முதலில் பதிவு செய்கிறேன். கணினியில் செருகியவற்றைப் பட்டியலிடும் எல்எஸ்பிசிஐ கட்டளையைத் தட்டியதும் தங்கள் கம்பெனிப் பெயரும் சிப்பின் எண்ணும் வரிசையில் வந்து நின்றன. (இந்தப் பட்டியலில் ஒவ்வொரு கம்பெனிக்கும் ஓர் அடையாள எண் உண்டு. இன்டெல் தன் பழைய பிராசஸரின் நினைவாக 8086-ஐ வைத்திருக்கிறது. பெருமைப்பட ஏதாவது செய்தவர்கள் பட்டுக்கொள்கிறார்கள்.) வைஃபைக்குத் தடை ஏதும் உண்டா என்று ஆர்எஃப்கில்லிலும் கேட்டேன். மென்பொருள் தடையும் இல்லை, சுவிட்ச் தடையும் இல்லை. டிரைவரும் கெர்னலிலேயே இருக்கிறது. யாரோ முகம் தெரியாதவர் எழுதியது. உங்கள் ஆட்கள் எழுதியது அல்ல என்று சொன்னால் கோபிக்கமாட்டீர்களே?

பிறகு கெர்னல் பதிவேடான டிமெசேஜைத் திறந்தேன். ஃபர்ம்வேர் ஏற்ற முடியவில்லை, பிழை -2. கெர்னல் பாஷையில் அதற்கு ‘அப்படியொரு கோப்பே இல்லை’ என்று பொருள். கார்டில் இருக்கும் குட்டி பிராசஸருக்கு, விழித்தெழுந்ததும் ஓட்டுவதற்கு ஒரு நிரல் வேண்டும். ஃபர்ம்வேர் என்பது அதுதான். மின்சாரம் போனால் அதற்கு எல்லாம் மறந்துவிடும். ஆகவே ஒவ்வொரு முறை கணினியைப் போடும்போதும் டிரைவர் அந்த நிரலை ஹார்ட் டிஸ்க்கிலிருந்து எடுத்துத் தர வேண்டும். செல்ஃபோனில் எடுத்த ஒரு படத்தைவிடச் சின்னக் கோப்பு அது. கிடைக்கும் இடம் தங்கள் இணையதளம். அங்கே போக இணையம் வேண்டும். இணையத்துக்குக் கார்டு வேண்டும். கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் ஆகும் என்று எங்கள் ஊரில் சொல்வதை உங்கள் பொறியாளர்கள் சிலிக்கனில் செய்து காட்டியிருக்கிறார்கள்.

செல்ஃபோனை யூஎஸ்பி வயரில் செருகி, அதன் இணையத்தை வாங்கித் தங்கள் தளத்துக்கு வந்து சேர்ந்தேன். அங்கே லினக்ஸ் என்ற பகுதியில் ஒன்றுமில்லை. விண்டோஸ் பகுதியில் ஓர் இஎக்ஸ்இ கோப்பு இருந்தது. நான் தேடியது அதன் வயிற்றுக்குள். அதை அறுத்தெடுக்க ஒரு கருவியையும் யாரோ சம்பளமில்லாமல் எழுதி வைத்திருக்கிறார்கள். கோப்பு வெளியே வந்தது, கார்டும் விழித்தது.

ஒரு சின்னச் சந்தேகம். எனக்கு வழிகாட்டிய அந்த ஆண்ட்ராய்டு ஃபோனில் ஓடுவதும் லினக்ஸ் கெர்னல்தான். அதில் வைஃபை ஒரு நாள்கூட முரண்டு பிடித்ததில்லை. ஆக, லினக்ஸில் வைஃபை ஓட்டுவது உங்கள் துறையில் யாருக்கும் தெரியாத வித்தை அல்ல. லட்சக்கணக்கில் சிப் வாங்குபவருக்கு அது தெரிகிறது, ஒன்றே ஒன்று வாங்குபவனுக்கு மறந்துவிடுகிறது. இந்த மறதிக்கும் ஏதாவது ஃபர்ம்வேர் உண்டா?

தொழில் ரகசியம் என்பீர்கள். உங்கள் தொழிலிலேயே பிராட்காமும் நெடுநாள் அப்படித்தான் இருந்தது. தன்னார்வலர்கள் அதன் டிரைவரைப் பிரித்துப் படித்தார்கள். சட்டச் சிக்கல் வரக்கூடாதென்று ஒரு குழு படித்துக் குறிப்பெழுத, குறிப்பை மட்டும் பார்த்து இன்னொரு குழு டிரைவர் எழுதியது. 2010 செப்டம்பரில் அந்தக் கம்பெனியே தன் சில சிப்களுக்குத் திறந்த மூல டிரைவரை வெளியிட்டது. கம்பெனி கவிழ்ந்துவிடவில்லை.

தாங்கள் அவ்வளவு தூரம் வர வேண்டாம். மூல நிரலை நான் கேட்கவில்லை. கொள்கைப் பிடிவாதத்துக்குப் பேர்போன டெபியன் லினக்ஸ்காரர்களே 2022-இல் ஓட்டெடுப்பு நடத்தி, மூடிய ஃபர்ம்வேரையும் இன்ஸ்டாலரோடு தரச் சம்மதித்தார்கள். 2023 ஜூனில் வந்த டெபியன் 12-இல் அது நடந்தும்விட்டது. கொள்கைக்காரர்கள் இறங்கி வந்துவிட்டார்கள், வியாபாரி நீங்கள்தான் இன்னும் திண்ணையைவிட்டு இறங்கவில்லை. கோப்பைப் பிறர் விநியோகிக்கத் தங்கள் அனுமதி இல்லாததால் அந்த மூட்டையில் தங்கள் கார்டுக்கு மட்டும் இடமில்லை. இலவசமாகத் தங்கள் தளத்தில் கிடைக்கும் கோப்பை இலவசமாக இன்னொருவர் கொடுத்தால் என்ன நஷ்டம் என்று தங்கள் கணக்குப் பிள்ளை விளக்கினால் கேட்டுக்கொள்கிறேன்.

ஆகவே, மேற்படி கோப்பை மாற்றாமல் யார் வேண்டுமானாலும் பகிரலாம் என்று ஓர் உரிமக் கடிதம் மட்டும் எழுதித் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். லினக்ஸ் ஃபர்ம்வேர் களஞ்சியத்தில் தங்கள் போட்டிக் கம்பெனிகள் தந்த உரிமங்கள் வரிசையாக இருக்கின்றன. தங்கள் சட்டப் பிரிவினர் அதில் ஒன்றை எடுத்து, கம்பெனிப் பெயரை மட்டும் மாற்றிக்கொண்டால் மதியச் சாப்பாட்டுக்கு முன் வேலை முடிந்துவிடும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஒற்றைக் கார்டு வாடிக்கையாளர்