பிஸ்கட் டப்பாவுக்கு இரண்டு வாரிசுகள்

கோவை கணபதியில் எங்கள் கம்பெனி இருக்கிறது. கம்பெனி என்று நான் சொன்னால் என் மாமியார் வேறு பக்கம் திரும்பிக்கொள்வார். ஒரு தகர ஷெட், ஆறு பேர், மோட்டார்களுக்கான கன்ட்ரோல் பேனல் வேலை. பத்து வருடமாக எங்கள் நிதித்துறை ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள் குடியிருந்தது. டீ, கூரியர், ஆட்டோ, ஆயுதபூஜைப் பொரி, அவசரத்தில்தான் தீர்ந்துபோகும் இன்சுலேஷன் டேப் எல்லாமே டப்பா உபயம். காசு எடுத்தவர் வவுச்சர் எழுதி, மேசைமேல் நிற்கும் கம்பியில் குத்திவிட வேண்டும். கணக்கு பார்க்கும் அக்கா சனிக்கிழமை சாயங்காலம் கம்பியை உருவி டப்பாவை எண்ணுவார். பத்து ரூபாய் இடித்தால் அன்றைக்கு ஒருவரும் வீட்டுக்குப் போக முடியாது.

இந்த ராஜ்யத்தைக் கவிழ்த்தவர் எங்கள் ஆடிட்டர். "ஒரே நாள்ல ஒரே ஆளுக்குப் பத்தாயிரத்துக்கு மேல ரொக்கமா கொடுத்தா, இன்கம் டாக்ஸ்ல அதைச் செலவாவே ஏத்துக்க மாட்டாங்க. டப்பாவை மூடிட்டு ஒரு கார்டு வாங்குங்க" என்றார். எந்தக் கார்டு என்று கேட்டோம். "அது உங்க இஷ்டம்" என்று சொல்லிவிட்டு, தன் ஃபீஸ் 9,500 ரூபாயை ரொக்கமாக எண்ணி வாங்கிக்கொண்டு போனார்.

அன்றிலிருந்து ஷெட்டில் இரண்டு கட்சி. டெபிட் கார்டு என்பது கல்லாப்பெட்டி, இருந்தால் எடுக்கலாம். கிரெடிட் கார்டு என்பது மளிகைக் கடை நோட்டு, எழுதிவிட்டு எடுக்கலாம். என் கூட்டாளி கல்லாக் கட்சி. "இருக்கற காசைச் செலவு பண்ணுவோம்" என்பது அவன் கொள்கை. கேட்க நன்றாகத்தான் இருக்கும், இருக்கிற காசு என்று ஒன்று இருந்தால்.

நான் நோட்டுக் கட்சி. கிரெடிட் கார்டின் பிறப்பே கம்பெனிச் செலவுதான் என்று வரலாறு எடுத்தேன். நியூயார்க்கில் ஃபிராங்க் மெக்நமாரா என்ற வியாபாரி தொழில் விருந்துக்குப் போய், பில் வந்த நேரத்தில் பர்ஸை மறந்துவந்தது தெரிந்து அசடு வழிந்தாராம். அதிலிருந்துதான் 1950-ல் டைனர்ஸ் கிளப் அட்டை வந்தது என்று ஒரு கதை சொல்வார்கள். கூட்டாளி அசரவில்லை. "பில் வரும்போது பர்ஸை மறக்கறது உனக்கும் வழக்கம்தானே. நீ என்ன கண்டுபிடிச்சே?" என்றான்.

முதல் வாய்ப்பு கல்லாக் கட்சிக்குப் போனது. கம்பெனியின் கரன்ட் அக்கவுண்ட்டுக்கு டெபிட் கார்டு வந்தது. அதைப் போல ஓர் உண்மை விளம்பியை நான் பார்த்ததில்லை. அரிச்சந்திரனாவது சுடுகாடு வரைக்கும் போய்த்தான் நம்மை அழவைத்தான். இது காட்டூர் ஹார்டுவேர் கடையிலேயே, பத்துப் பேர் முன்னால், "இருப்பு போதாது" என்று அச்சடித்துக் கையில் கொடுத்துவிடும். சம்பளப் பணம் கிடப்பதும் அதே அக்கவுண்ட்தான். ஒரு மாதம் முப்பதாம் தேதி 18,000 ரூபாய்க்கு கான்டாக்டர் வாங்கினோம். ஒன்றாம் தேதி வெல்டர் அண்ணனுக்குச் சம்பளத்துக்குப் பதில் நான் ஒரு சொற்பொழிவு ஆற்ற வேண்டியதாயிற்று.

அடுத்தது பின் நம்பர். புதிதாகச் சேர்ந்த பையனிடம் கார்டைக் கொடுத்து காட்டூருக்கு அனுப்பினேன். நம்பர் சொல்லவில்லையே என்று ஞாபகம் வந்து போன் செய்தேன்.

"தம்பி, நம்பர் சொல்றேன், கேட்டுக்கோ."

"வேண்டாங்ணா. மறந்தா போர்டைப் பாத்துக்கோன்னு சொல்லிட்டாங்."

வெளியே வந்து எங்கள் பெயர்ப்பலகையை அண்ணாந்து பார்த்தேன். கம்பெனி பெயருக்குக் கீழே, சிவப்பு பெயின்டில், ரோட்டில் பஸ்ஸில் போகிறவர்களும் படிக்கும்படி எழுதியிருந்தது: தொடக்கம் 2014.

அன்று இரவு ரிசர்வ் வங்கி 2017-ல் போட்ட விதிமுறையைத் தேடிப் படித்தேன். நம் தவறும் வங்கியின் தவறும் இல்லாமல் வேறு யாரோ பணத்தைச் சுருட்டினால், மூன்று வேலை நாட்களுக்குள் தகவல் சொல்லிவிட்டால் நமக்கு நஷ்டமில்லை. நாமே நம்பரைக் கசியவிட்டிருந்தால், வங்கிக்குச் சொல்லும் வரைக்குமான நஷ்டம் நம் தலையில். ஆள் வைத்து, பெயின்ட் அடித்து, மேலே ஒரு ட்யூப்லைட்டும் போட்டுக் கசியவிட்டவனைப் பற்றித் தனியாக எதுவும் எழுதவில்லை. டெபிட்டில் போவது நம் பணம், கிரெடிட்டில் போவது முதலில் வங்கியின் பணம் என்ற வித்தியாசம் அன்றைக்குத்தான் வயிற்றில் உறைத்தது.

ஆட்சி மாறியது. கிரெடிட் கார்டு வந்தது. முதல் மாதம் ஷெட்டில் தேனிலவு. வாங்குகிறோம், வாங்குகிறோம், அக்கவுண்டில் ஒரு பைசா குறையவில்லை. காட்டூர்க் கடைக்காரர் மட்டும் கார்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "கிரெடிட்டுங்களா? ரெண்டு பர்சென்ட் சேத்தி ஆகுமுங்" என்றார். அவரைக் குறை சொல்லவும் முடியாது. டெபிட் கார்டுக்கு வியாபாரியிடம் பிடிக்கும் கட்டணத்துக்கு 2018 முதல் உச்சவரம்பு உண்டு. சிறிய கடையென்றால் 0.40 சதவீதம், எவ்வளவு பெரிய பில்லானாலும் 200 ரூபாய்க்கு மேல் இல்லை. ரூபே டெபிட்டுக்கு 2020-லிருந்து அதுவும் கிடையாது. கிரெடிட் கார்டுக்கு அப்படி வரம்பு எதுவும் இல்லை. என் தேனிலவுக்கான மொய்யை அவர் என்னிடமே வசூலித்துக்கொண்டார்.

கிரெடிட் கார்டின் கவர்ச்சியே வட்டியில்லாத அந்த 45 நாள்தான். இந்த 45 எனக்கு ஏற்கெனவே பழக்கமான எண். சிறுதொழில் செய்பவரிடம் சரக்கு வாங்கினால், ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் 45 நாளுக்கு மேல் பணத்தை இழுக்கக்கூடாது என்று 2006-லேயே சட்டம் வந்துவிட்டது. அந்தச் சட்டத்தை என் வாடிக்கையாளர்கள் மிகவும் மதிக்கிறார்கள். மதிப்புள்ள பொருளைத் தொடாமல் வைத்திருப்பதுபோல. எனக்கு வர வேண்டியது 90 நாளில் வருகிறது. வங்கிக்கு நான் கொடுக்க வேண்டியதை 46-ம் நாள் காலையில் போன் போட்டுக் கேட்கிறார்கள். இந்த இரண்டு 45-க்கும் நடுவில்தான் தமிழ்நாட்டுச் சிறுதொழில் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கிறது.

மூன்றாவது மாதம் ஸ்டேட்மென்ட் 38,400. கையில் அவ்வளவு இல்லை. ஸ்டேட்மென்டிலேயே, கொஞ்சம் தள்ளி, "மினிமம் டியூ 1,920" என்று அன்பாகப் போட்டிருந்தது. ஏதோ பெரியவர் நம் கஷ்டம் புரிந்து, "இப்போதைக்கு இதைக் கட்டுப்பா, போதும்" என்று சொன்னதுபோல இருந்தது. கட்டினேன். அடுத்த ஸ்டேட்மென்டில் மாதம் 3.5 சதவீதக் கணக்கில் வட்டி 1,994. அந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி 359. ஆக, 38,400 கடனில் 1,920 கட்டிய பிறகு என் கடன் 38,833. கட்டக் கட்டக் கடன் வளரும் அதிசயத்தை அக்காவிடம் காட்டினேன். மீதி வைத்த கணக்கில் வட்டி கடைசித் தேதியிலிருந்து அல்ல, பொருள் வாங்கிய நாளிலிருந்தே ஓடும். புதிதாக வாங்குவதற்கும் அந்த இலவச நாட்கள் கிடையாது. அக்கா ஒரே வரியில் தீர்ப்பு சொன்னார். "நேத்து வாங்கின போண்டாவும் குட்டி போடுதுங் தம்பி."

ஆறுதலாக ரிவார்டு பாயின்ட் சேர்ந்தது. அதில் ஒரு ஃப்ளாஸ்க் வாங்கினோம். வட்டியையும் சேர்த்துப் பார்த்தால் அது வெள்ளி ஃப்ளாஸ்க்.

இரண்டு கட்சியும் மண்ணைக் கவ்விய நேரத்தில்தான் அக்கா தன் ஃபைலைப் பிரித்தார். அவர் எந்தக் கட்சியிலும் சேர்ந்ததில்லை. எந்தக் கார்டைத் தேய்த்துவிட்டு வந்தாலும் அவர் கேட்பது ஒன்றுதான்: "இது ஸ்லிப்பு. பில் எங்கீங் தம்பி?" கார்டு ஸ்லிப் பணம் போனதைத்தான் சொல்லும். எதற்குப் போனது, நம் ஜிஎஸ்டி நம்பர் அதில் இருக்கிறதா என்பதையெல்லாம் பில்தான் சொல்ல வேண்டும். அது இல்லையென்றால் கட்டிய வரியைத் திரும்ப எடுக்க முடியாது.

ஃபைலைப் பார்த்தேன். பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாக வைத்த ஹார்டுவேர் பில் முழு வெள்ளையாக இருந்தது. ஒரு மூலையில் மட்டும் "நன்றி, மீண்டும் வருக". டிரைவர் அண்ணன் டேஷ்போர்டில் வைத்திருந்த டீசல் பில் வெயிலில் முழுக் கறுப்பு. அந்த வழவழப்பான காகிதத்தில் மை கிடையாது, சூடு பட்டுத்தான் எழுத்து விழுகிறது. எண்ணெய்க் கை பட்டால் மறைகிறது, வெயில் பட்டால் கறுத்துவிடுகிறது. கணக்கு விவரங்களை 72 மாதம் வைத்திருக்க வேண்டும் என்கிறது ஜிஎஸ்டி சட்டம். காகிதம் ஒரு சித்திரைக்குத் தாங்கவில்லை.

கடைசியில் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தோம். இணையத்தில் வாங்குவதற்கும் பெரிய தொகைக்கும் கிரெடிட் கார்டு. ஆப்பில் வரம்பைக் குறைத்துவிட்டு, முழுத் தொகையும் தானாகவே கட்டப்படும்படி வைத்தோம். கடைகண்ணிக்கு டெபிட் கார்டு. ஆனால் சம்பள அக்கவுண்ட்டுக்கு அல்ல, தனியாகத் திறந்த ஒரு சின்ன அக்கவுண்ட்டுக்கு. திங்கள்கிழமை அதில் பத்தாயிரம் போடுவோம். தீர்ந்தால் அடுத்த திங்கள்தான். வாங்குகிறவர் பில்லை உடனே ஜெராக்ஸ் எடுத்துக் கம்பியில் குத்திவிட வேண்டும். சனிக்கிழமை அக்கா கணக்கு நேர் பார்ப்பார்.

நான் இதை வெள்ளைப் பலகையில் அம்புக்குறி எல்லாம் போட்டு விளக்கி முடித்தேன். அக்கா கொஞ்ச நேரம் பலகையைப் பார்த்தார்.

"இது நம்ம டப்பாதானேங் தம்பி?"

யாரும் பதில் சொல்லவில்லை. அந்த நேரத்தில் தூக்கில் டீ கொண்டுவந்த கடைக்காரர் கிளாஸ்களை வைத்துக்கொண்டே, மிகுந்த அக்கறையோடு என்னைக் கேட்டார்:

"ஏனுங், நம்பரை மாத்தீட்டீங்களாமா? அப்ப போர்டு?"