ஸ்டார்ட் அமுக்காத ஆட்டக்காரர்

பழைய வீடியோ கேம் சேகரிப்பவர்களில் பல ரகம் உண்டு. அட்டாரிக்காரர், சேகாக்காரர், பிளேஸ்டேஷன்காரர் என்று பிரிவுகள், அவற்றுக்குள் உட்பிரிவுகள். இங்கே பேசப்போவது அமெரிக்காவில் வாழும் நின்டெண்டோ என்.இ.எஸ். ரகத்தைப் பற்றி. மற்ற ரகங்களுக்கு உள்ள குணமெல்லாம் இவரிடம் கொஞ்சம் தூக்கலாகவே இருக்கும். வயது முப்பத்தைந்துக்கு மேல், ஐம்பதுக்குள். சனிக்கிழமை விடிந்தும் விடியாததுமாக, ஊரார் வேண்டாத சாமான்களைக் கராஜ் வாசலில் பரப்பி விற்கும் இடத்தில் முதல் ஆளாக நிற்பார். சோபா, சைக்கிள், கிறிஸ்துமஸ் விளக்கு எதுவும் அவர் கண்ணில் படாது. அட்டைப் பெட்டிக்குள் சாம்பல் நிற பிளாஸ்டிக் தெரிகிறதா என்பதுதான் கவலை. தெரிந்துவிட்டாலும் முகத்தில் காட்டிக்கொள்ள மாட்டார். பக்கத்தில் கிடக்கும் வாஃபிள் மெஷினை எடுத்துப் புரட்டி விலை கேட்பார். பிறகு போகிறபோக்கில், “இந்த டப்பாவையும் சேர்த்து எவ்வளவு சொல்றீங்க?” என்பார். இப்படியே அவர் வீட்டில் நாலு வாஃபிள் மெஷின் சேர்ந்திருக்கிறது. எதற்கு இவ்வளவு கேசட் என்று கேட்டால், “விளையாடத்தான்” என்பார். அவர் சொல்வதில் சோதித்துப் பார்க்க வேண்டியது இந்த ஒன்றைத்தான். மற்றதெல்லாம் உண்மை.

அமெரிக்காவில் என்.இ.எஸ்.ஸுக்கு நின்டெண்டோவின் அனுமதியோடு வந்த ஆட்டங்கள் 700-க்குக் கொஞ்சம் குறைவு. அத்தனையும் வைத்திருந்தால் ‘ஃபுல் செட்’. நம்மவரின் வாழ்நாள் லட்சியம் அதுதான். வாரத்துக்கு ஒன்று என்று ஆடினாலும் ஒரு சுற்று முடிக்கப் பதிமூன்று வருஷம் ஆகும். அதிலும் ஒரு பெரும் பகுதி, ஓடிய சினிமாவின் பேரைப் போட்டு அவசரத்தில் தயாரித்துத் தள்ளியவை. அவற்றை எழுதியவர்களே இரண்டாம் முறை ஆடியிருப்பார்களா என்பது சந்தேகம். சரி, கையில் கிடைத்ததையாவது ஆடுகிறாரா? புதிதாக ஒன்று வந்தால் ‘டெஸ்ட்’ செய்வார். கேசட்டைச் செருகிப் பவரை அமுக்குவார். எழுத்து உடையாமல் டைட்டில் வருகிறதா, பாட்டு பிசிறில்லாமல் கேட்கிறதா என்று நின்றபடியே பார்ப்பார். ஸ்டார்ட் அமுக்கச் சொல்லித் திரை கண் சிமிட்டி அழைக்கும். அமுக்க மாட்டார். தரிசனம் ஆயிற்று, நடை சாத்த வேண்டியதுதான். கேசட் உறைக்குள் போகும், பட்டியலில் ஒரு டிக் விழும். இத்தனைக்கும் அவர் நாற்காலியில் உட்காரவே இல்லை. நிஜமாகவே விளையாடுகிறவர்கள் வேறு ஆட்கள். 1989-ல் வந்த என்.இ.எஸ். டெட்ரிஸை 2023 டிசம்பரில் பதிமூன்று வயதுப் பையன் ஒருவன், ஆட்டமே திணறி உறைந்துபோகும் இடம் வரைக்கும் கொண்டுபோனான். சூப்பர் மாரியோவை ஐந்து நிமிஷத்துக்குள் முடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். இவர்களுக்கெல்லாம் தேவைப்பட்டது ஒரே ஒரு ஆட்டம், அதோடு முடிவில்லாத பொழுது. அலமாரி தேவைப்படவில்லை.

அப்படியானால் நம்மவர் செலவழிக்கும் பொழுதெல்லாம் எங்கே போகிறது? பராமரிப்பில் போகிறது. என் வாதம் இதுதான்: அவருக்கு ஆட்டம் ஒரு சாக்கு, பராமரிப்புத்தான் விளையாட்டு. சாட்சி வேண்டுமானால் அவருடைய மேஜை இழுப்பறையைத் திறந்து பார்க்கலாம். நின்டெண்டோ கேசட்டை மூடும் திருகாணி சாதாரணத் திருப்புளிக்கு அசையாது. அதற்கென்றே 3.8 மில்லிமீட்டர் தனி முனை வேண்டும். அது இரண்டு வைத்திருப்பார், தொலைந்துபோனால் என்ன செய்வது என்று மூன்றாவதும். கேசட்டைப் பிளந்து உள்ளிருக்கும் பலகையை வெளியே எடுத்து, பஞ்சுக் குச்சியை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் தோய்த்து, தங்கப் பூச்சுப் பற்களை ஒவ்வொன்றாகத் துடைப்பார். முப்பத்தைந்து வருஷத்து அழுக்கு கறுப்பாகக் குச்சியில் ஏறிவரும். அந்தக் குச்சியை உடனே குப்பையில் போட்டுவிட மாட்டார். வெளிச்சத்தில் பிடித்து ஒரு தடவை பார்த்துக்கொள்வார். எந்த ஆட்டத்தின் எந்தக் கட்டத்திலும் அவர் முகத்தில் அந்தத் திருப்தி வந்ததில்லை. கன்சோலின் பிளாஸ்டிக் மஞ்சளித்துப் போயிருந்தால், முடிக்குச் சாயம் போடும் கடையில் பெராக்சைடு க்ரீம் வாங்கிப் பூசி வெயிலில் வைப்பார். அவர் தலையில் அந்தக் க்ரீமுக்கு வேலை இல்லாமல் போய் நெடுநாளாயிற்று என்பதால் கடைக்காரப் பெண் ஒரு மாதிரியாகப் பார்ப்பாள்.

இந்தக் குணத்தை அவர் தலையில் மட்டும் கட்டுவது நியாயமில்லை. அந்தக் கன்சோல் பிறந்ததே பராமரிப்புக்காரனைத் தேடித்தான். ஜப்பானில் 1983 ஜூலையில் ஃபேமிகாம் என்ற பேரில் வந்தபோது கேசட்டை மேலிருந்து நேராகச் செருகுவார்கள், அவ்வளவுதான். அதே 1983-ல் அமெரிக்காவில் வீடியோ கேம் வியாபாரம் குப்புற விழுந்ததால், அந்தப் பேச்சை எடுத்தாலே கடைக்காரர்கள் கதவைச் சாத்தினார்கள். அதனால் 1985-ல் அங்கே கொண்டுபோனபோது, பார்ப்பதற்கு வி.சி.ஆர். போல இருக்கட்டும் என்று முன்பக்கக் கதவு வைத்து, கேசட்டை உள்ளே தள்ளிக் கீழே அமுக்கும்படி செய்தார்கள். அந்த அமுக்கலில் 72 முள் கொண்ட இணைப்பான் நாளடைவில் தளர்ந்துபோனது. போதாததற்குப் போலிக் கேசட்டைத் தடுக்கக் காவல் சில்லு ஒன்று வேறு. கேசட்டிலிருக்கும் கூட்டாளிச் சில்லிடமிருந்து சரியான பதில் வராவிட்டால், அது கன்சோலை நொடிக்கு ஒரு தடவை ரீசெட் செய்துகொண்டே இருக்கும். பிள்ளைகள் பார்த்தது மின்னி மின்னி அணையும் சிவப்பு விளக்கைத்தான். உடனே கேசட்டை உருவி ஊதினார்கள். ஊதினால் எச்சில் ஈரம் பட்டு உலோகம் அரிக்கும், ஊதாதீர்கள் என்று நின்டெண்டோ சொன்னது. யாரும் கேட்கவில்லை. மறுபடி செருகும்போது தற்செயலாக முள் சரியாகப் பதிந்து படம் வந்துவிடும், புகழ் மூச்சுக்குப் போய்விடும். 1993-ல் இந்தத் தொல்லையெல்லாம் தீர்த்து, மேலிருந்து செருகும் மாடலைக் காவல் சில்லு இல்லாமல் 50 டாலருக்கு விட்டார்கள். ஆனால் அதில் ஆன்டெனா வழியாக மட்டும்தான் படம் வரும், அதுவும் கோடு கோடாக. ஒழுங்காக ஓடுவதில் படம் மங்கல், படம் தெளிவாக வருவது ஒழுங்காக ஓடாது. நம்மவர் இரண்டையும் வாங்கினார். பிறகு பழைய மாடலைத் திறந்து காவல் சில்லின் நாலாவது காலை வெட்டலாமா, வெட்டினால் அசல்தன்மை கெட்டுவிடுமா என்று ஒரு குளிர்காலம் முழுக்க யோசித்தார். அந்தக் குளிர்காலத்தில் மாரியோ ஒரு காளானைக்கூட மிதிக்கவில்லை.

இதற்கு மேல் டி.வி. புதுத் தட்டை டி.வி.யில் பழைய கன்சோலை மாட்டினால், பட்டனை அமுக்குவதற்கும் மாரியோ குதிப்பதற்கும் நடுவே ஒரு தாமதம் வரும். டக் ஹண்ட் துப்பாக்கியோ சுத்தமாக வேலை செய்யாது. விசையை இழுத்ததும் திரை ஒரு கணம் இருண்டு, வாத்து இருக்கும் இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம் பளிச்சிட வேண்டும். துப்பாக்கி முனையில் இருக்கும் ஒளியுணரி அதை அந்தக் கணத்திலேயே பார்க்க வேண்டும். தட்டை டி.வி. படத்தைக் கொண்டுவரும்போது வாத்து போயே போய்விடும். ஆகவே பழைய குழாய் டி.வி. வேண்டும், அதிலும் சோனி ட்ரினிட்ரான். 36 அங்குல மாடல் 90 கிலோவுக்குக் குறையாது. அதைத் தூக்கிவந்த அன்று உதவிக்கு வந்த இரண்டு நண்பர்கள் அதற்குப் பிறகு கூப்பிட்டால் போனை எடுப்பதில்லை. வீட்டு அம்மாள் ஒரே நிபந்தனை போட்டாள்: மாடிக்கு வரக்கூடாது. அதனால் கீழ்த்தளத்தில் இருக்கிறது, மேலே ஒரு பூச்சாடியோடு.

ஏன் இப்படி என்று கேட்டால், பால்ய நினைவு என்று எல்லோரும் ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். இது சுலபமான பதில், பாதிக்கு மேல் தவறு. நியூ ஜெர்சியிலும் டெக்சாஸிலும் இந்தக் கூட்டத்தில் சேர்ந்துவிட்ட தமிழ் மென்பொருள்காரர்களைப் பாருங்கள். 1990-களில் தமிழ்நாட்டு வீடுகளுக்கு வந்ததெல்லாம் ஃபேமிகாமின் நகல்கள். கூடவே லட்சக்கணக்கில் ஆட்டம் இருப்பதாக அட்டையில் அச்சடித்து, உள்ளே மாரியோ, கான்ட்ரா, டேங்க், சர்க்கஸ் என்று கொஞ்சத்தையே திரும்பத் திரும்பச் சுற்றவிடும் கேசட். சாம்பல் நிற அமெரிக்கப் பெட்டியை அவர்கள் சின்ன வயதில் கண்ணால் பார்த்தது கிடையாது. வெறும் நினைவுதான் காரணம் என்றால் அவர்கள் தேட வேண்டியது அந்த நகலை, அந்தப் பொய் அட்டையை. அதைத் தேடுகிற புண்ணியவான்களும் சிலர் இருக்கிறார்கள், ஆனால் சிலர்தான். மற்றவர்கள் தமக்கு இல்லாத பால்யத்தின் அசல் பாகங்களை அடுத்தவர் கராஜிலிருந்து சேகரிக்கிறார்கள். என்.இ.எஸ். கடையை விட்டுப் போன பிறகு பிறந்த இருபது வயதுக்காரர்களும் இந்த வரிசையில் நிற்கிறார்களே, அவர்களுக்கு எந்த நினைவு?

பணத்துக்காக என்பது அடுத்த ஆட்சேபம். இதற்கு ஆதாரம் பலமாகவே இருக்கிறது. 2021-ல் உறை பிரிக்காத சூப்பர் மாரியோ 64 ஒன்று 15 லட்சத்து 60 ஆயிரம் டாலருக்கு ஏலம் போனது. 1990-ல் நின்டெண்டோ நடத்திய போட்டிக்காகச் செய்த கேசட்டுகளில் சாம்பல் நிறம் 90, தங்க நிறம் 26 மட்டுமே என்பதால், அவற்றின் விலையைச் சொன்னால் தலை சுற்றும். ஆனால் அந்த ஏலக்காரர் வேறு ரகம். அவர் கேசட்டைக் கெட்டியான பிளாஸ்டிக் பேழைக்குள் அடைத்து மதிப்பெண் போடச் செய்கிறவர், திருப்புளிக்கும் அவருக்கும் சம்பந்தமே இல்லை. நம்மவருக்கு அவரைக் கண்டால் ஆகாது. நாலு கோடிக்கு மேல் விற்ற சூப்பர் மாரியோவுக்கு லட்சக்கணக்கில் டாலர் கொடுத்தால், காசு ஆட்டத்துக்குப் போகவில்லை, அதைச் சுற்றிய மெல்லிய உறைக்குத்தான் போகிறது என்பார். நியாயமான பேச்சு. வீட்டில் நூற்றுக்கணக்கில் டைட்டில் ஸ்கிரீன் மட்டும் பார்த்தவர் பேசுகிறார் என்பதை மறந்துவிட்டால் இன்னும் நியாயமாக இருக்கும். எப்படியானாலும் பணம் அவர் நோக்கம் இல்லை. விலை ஏறினால் இன்சூரன்ஸ் யோசிப்பாரே தவிர விற்க மாட்டார். ஒரே ஆட்டத்தின் மூன்று பிரதிகளில் ஒன்றைக் கொடுங்கள் என்றால், மூன்றின் லேபிளும் மூன்று விதம் என்பார்.

மூன்றாவது ஆட்சேபத்தை அவரே கொண்டுவருவார், குரலைக் கொஞ்சம் தாழ்த்தி: “நாங்க இல்லன்னா இதெல்லாம் அழிஞ்சுபோயிரும்.” இதைச் சிரித்துத் தள்ள முடியாது. அமெரிக்காவில் 2010-க்கு முன் வந்த ஆட்டங்களில் 87 சதவீதம் இன்று கடையில் கிடைப்பதில்லை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023-ல் ஆய்வு வெளியிட்டது. அதே வருஷம் மார்ச்சில் நின்டெண்டோ தன் 3டி.எஸ்., வீ யூ இணையக் கடைகளை இழுத்து மூடியது. ஆனால் என்.இ.எஸ். விஷயத்தில் ஆட்டங்களின் நிரல் ஏறத்தாழ முழுவதும் எப்போதோ நகலெடுத்துப் பத்திரப்படுத்தப்பட்டுவிட்டது. நம்மவர் காப்பாற்றுவது அட்டைப் பெட்டி, கையேடு, சுவரில் ஒட்டும் மடிப்புப் படம், திருகாணி முதலியவற்றை. அவையும் காக்கப்பட வேண்டியவைதான், நான் மறுக்கவில்லை. ஆனால் வெளிவராத ஆட்டத்தின் சோதனைப் பிரதி கையில் கிடைத்தும், நகலெடுக்க விட்டால் தன்னுடையதன் அருமை குறைந்துவிடும் என்று பூட்டி வைக்கிறவர்கள் இந்தக் கூட்டத்தில் உண்டு. அவர்கள் வாயிலிருந்து பாதுகாப்பு என்ற சொல் வரும்போது மட்டும் கொஞ்சம் இருமல் வருகிறது.

அவருக்குச் சாதகமாக ஒரே ஒரு சாட்சியைச் சொல்லியாக வேண்டும். 1987-ல் அமெரிக்காவுக்கு வந்த தங்க நிறக் கேசட், லெஜண்ட் ஆஃப் ஸெல்டா. ஆடியது வரைக்கும் அதில் பதிந்துகொள்ளலாம். அதற்காக உள்ளே சி.ஆர். 2032 ரகக் காசு பேட்டரி ஒன்று உண்டு. பேட்டரி செத்தால் பதிவு போய்விடும். கராஜில் வாங்கிய ஸெல்டாவைத் திறந்து பார்த்தால், யாரோ ஒரு பிள்ளை எட்டு எழுத்துக்குள் அடக்கித் தன் பேரை எழுதி, மூன்று உயிரோடு எங்கேயோ நிறுத்திவிட்டுப் போயிருக்கும். நம்மவர் பேட்டரியை மாற்றும்போது, அந்தப் பதிவு ஒரு நொடியும் மின்சாரம் இல்லாமல் இருக்கக்கூடாது என்று, வெளியிலிருந்து மூன்று வோல்ட்டை இரண்டு மெல்லிய ஒயர் வழியாகக் கொடுத்துக்கொண்டே, மூச்சைப் பிடித்துப் பழையதைக் கழற்றிப் புதியதை சால்டர் செய்வார். பிறகு ரீசெட்டை அமுக்கிப் பிடித்தபடி பவரை அணைப்பார், நின்டெண்டோ அன்று சொன்னபடியே. ஊர் பேர் தெரியாத அந்தப் பிள்ளைக்கு இப்போது நாற்பத்தைந்து வயதிருக்கும். அவர் விட்ட இடத்திலிருந்து நம்மவர் ஒரு அடிகூட முன்னே வைக்க மாட்டார்.

இவ்வளவு பாடு எதற்கு, எல்லா ஆட்டத்தையும் ஒரே எஸ்.டி. கார்டில் அடைத்து அசல் கன்சோலிலேயே ஓட்டும் எவர்டிரைவ் கேசட் இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது, அவரிடமும் இருக்கிறது, விருந்தாளிகள் பிள்ளைகளோடு வந்தால் அதைத்தான் கொடுப்பார், கூடவே உடைந்தாலும் பரவாயில்லாத கன்ட்ரோலரையும். ஊதவேண்டாம், முள் தளராது, தட்டை டி.வி.யிலும் தாமதம் இல்லாமல் படம் வரும் என்றால், அனலாக் நிறுவனம் 2017-ல் அலுமினியத்தில் வடித்த என்.டி. மினி கன்சோல் இருக்கிறது. உண்மையில் விளையாடத்தான் ஆசை என்றால் அதை வாங்கினாலே தொல்லை விட்டது. அதையும் வாங்கிவிட்டார். கொஞ்சமாகத்தான் செய்தார்கள், விலை ஏறிவிட்டது என்று பெட்டியைப் பிரிக்காமல் மேல்தட்டில் வைத்திருக்கிறார். பிரிப்பதற்காக இன்னொன்று தேடிக்கொண்டிருக்கிறார்.