அடம்பன் முதலாளிக்கு ஒரு வாழ்த்துமடல்

சாரதிகளை வேலைக்கு வைத்திருக்கும் எங்கள் மன்னார்ப் பக்கத்து முதலாளிமாரின் அருமை இன்னும் உலகத்துக்கு எட்டவில்லை. வெளிநாட்டுக் கம்பனிகள் 2012 இல் வந்த ஐ.எஸ்.ஓ 39001 என்ற வீதிப் பாதுகாப்புத் தரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, ஆபத்தைக் கணக்கிடு, பயணத்தைத் திட்டமிடு, ஓட்டுபவனுக்கு ஓய்வு கொடு என்று பக்கம் பக்கமாக எழுதி அல்லாடுகின்றன. எங்கள் முதலாளி வாசலில் நின்று "தம்பி, பாத்துப் போ" என்பார். முடிந்தது. கையெழுத்துக்கூடத் தேவையில்லை.

தாராளமான மனுசன். நித்திரை கொள்ளாதே என்று ஒருநாளும் சொன்னதில்லை. விரும்பிய இடத்தில் லொறியை ஓரங்கட்டிப் படுக்கலாம். விடத்தல்தீவில் ஐஸ் போட்டு ஏற்றிய மீன் ஏறத்தாழ 300 கிலோமீற்றர் கடந்து விடியுமுன் பேலியகொடை மீன்சந்தையில் இறங்காவிட்டால் விலை விழும், விழுந்தது நடைக்காசில் கழியும், அவ்வளவுதான். மற்றபடி முழுச் சுதந்திரம்.

சிக்கனத்திலும் அவரை மிஞ்ச ஆளில்லை. காலை ஐந்து மணிக்கு எழும்பி, பகலெல்லாம் நெல்மூட்டை ஏற்றிவிட்டு ஸ்ரியறிங் பிடிப்பவருக்கு இரவு பத்து மணிக்கே 17 மணித்தியால விழிப்பு. அந்நேரம் மூளை, இரத்தத்தில் 0.05 வீதம் மதுசாரம் ஏறியவனுடையதைப்போல மந்தப்படும் என்றும், 24 மணித்தியாலமானால் அது 0.10 வீதத்துக்குச் சமம் என்றும் ஆய்வாளர்கள் அளந்திருக்கிறார்கள். காசில்லாமல், மணமில்லாமல் ஒரு வெறி! மதவாச்சியில் பொலிஸ் மறித்து ஊதச் சொன்னாலும் குழாயில் காட்டாது.

2025 மே 11 விடியற்காலை கொத்மலையில் இ.போ.ச. பஸ் பள்ளத்தில் பாய்ந்து 20 பேருக்கு மேல் செத்தபோது அவர் மெய்யாகவே கலங்கினார். பிறகு விளக்கமும் தந்தார்: அது மலை, இங்கே பாய்வதற்குப் பள்ளம் ஏது? சரிதானே. கட்டுக்கரைக் குளத்து வயல்வெளியில் வீதி நேராகக் கிடக்கிறது, கண் சொருகுவதற்கென்றே போட்டதுபோல. மணிக்கு 60 கிலோமீற்றரில் போகும் லொறி, இரண்டு வினாடி அயர்ந்தால் 33 மீற்றரைத் தானாகவே கடந்துவிடும். நடுவீதியில் அசைபோடும் மாடுகளுக்குத்தான் இந்தக் கணக்குத் தெரிவதில்லை. அறுவடைக் காலத்தில் பாதி வீதியில் நெல் காயும், மீதிப் பாதி போதாதென்று யாராவது குறைப்பட்டதுண்டா?

சீற் பெல்ட் புதிதாகவே இருக்கிறது, உறைகூடப் பிரிக்கவில்லை. பொருளைப் பேணத் தெரிந்தவர்.

அடக்கமோ சொல்லி முடியாது. 1934 இல் வந்த தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டத்தை 2022 இல் திருத்தி, வேலைக்குப் போகவர நேரும் விபத்தையும் சேர்த்து, நட்டஈட்டின் உச்சத்தை 20 இலட்சம் ரூபா ஆக்கினார்கள். இத்தனை பெரிய தொகையோடு தன் பெயர் சேர்ந்துவிடக் கூடாதென்று, சாரதியின் பெயரை எந்தப் பதிவேட்டிலும் ஏற்றாமல் வைத்திருக்கிறார். ஆனால் செத்தவீட்டுக்கு முதல் மலர்வளையம் அவருடையது. கண்ணீர் அஞ்சலிப் பதாகையும் அவர் செலவில்.

லொறி சரிந்த செய்தி வந்தால் அவருடைய வேகத்தைப் பார்க்கவேண்டும். 1990 இலக்கத்துக்கு அழைத்த அம்புலன்ஸ் வருமுன் மாற்று லொறி வந்து நிற்கும், மீனை ஐஸ் கரையாமல் மாற்றி ஏற்ற நாலு பேரோடு. ஓட்டுவதற்கு ஒரு பையனையும் பிடித்திருப்பார். உன்னிடம் கனரக வாகன அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்று கேட்டு அந்தப் பிள்ளையை நாலுபேர் முன்னால் வெட்கப்படுத்துகிற வழக்கம் அவருக்கில்லை.