கூண்டுக்கம்பிக் கடிப்பியல்: கம்பம் பள்ளத்தாக்கை முன்வைத்து ஓர் ஆய்வு

வீட்டில் வளர்க்கும் ஹாம்ஸ்டர் விடிய விடியக் கூண்டுக் கம்பியைக் கறுமுறுவென்று கடிப்பதைப் பற்றித் தேனி மாவட்டத்தில் ஒரு தேசியக் கருத்தரங்கம் கூட்டினால் குறைந்தா போய்விடும்? துணிப்பை, எழுதாத பேனா, குத்துவிளக்கு, முடியாத வரவேற்புரை, மதியம் தக்காளிச் சாதம், மாலையில் சான்றிதழ் என்று இதைவிடச் சிறிய பொருள்களுக்கெல்லாம் அறிஞர்கள் கூடியிருக்கிறார்கள். அப்படியொரு கருத்தரங்கம் கூடாத குறையை நீக்க எழுந்த இவ்வாய்வு கடியை ஐந்தாகப் பகுக்கிறது: பசிக்கடி, பழிக்கடி, பல்கடி, பொழுதுபோகாக் கடி, வழிதேடு கடி. பசிக்கடி தீனி போட்டால் தீரும். பழிக்கடி வளர்ப்பவரின் மனச்சாட்சி சார்ந்தது, விலங்கியலில் அடங்காது. எஞ்சிய மூன்றில் பின்னிரண்டும் ஒன்றே என்பதும், பல்கடி என்பது சின்னக் கூண்டு வாங்கியவர் தம்மைத் தேற்றிக்கொள்ள உண்டாக்கிய வகை என்பதும் இக்கட்டுரையின் துணிபு.

முதன்மைச் சான்று கம்பியே. கம்பியில் பதிந்த பற்குறிகளைக் 'கம்பிவெட்டு' எனலாம். கல்வெட்டுக்கு உரிய எல்லாச் சிறப்பும் இதற்கும் உண்டு: படியெடுக்கலாம், வரிசை எண் இடலாம், இருவர் இருவிதமாகப் படித்துவிட்டு ஆயுளுக்கும் பேசாமல் இருக்கலாம். கம்பிவெட்டுகள் கூண்டெங்கும் சமமாகப் பரவுவதில்லை. கதவுக் கொக்கியைச் சுற்றி அடர்கின்றன (கூண்டு, கதவு, கீறல் 3). மூலைகளில் மிகுகின்றன (கூண்டு, வடகிழக்கு மூலை, கீழிருந்து இரண்டாம் கம்பி, பூச்சு உரிந்த இடம்). தீனிக் கிண்ணத்தருகே அருகிவிடுகின்றன (கூண்டு, தென்புறம், ஒரு துருவுக்கும் மறு துருவுக்கும் இடைப்பட்ட வெள்ளிடம், கூண்டைத் தலைகீழாகப் பிடித்துப் படிக்க, ஒப்பிடுக: மேற்படி கூண்டு, கழுவுவதற்கு முன், மேலும் ஒப்பிடுக: மேற்படி கழுவல், தண்ணீரில் மிதந்தவை). இக்கடைசிச் சான்றைத் தண்ணீர்ப் புட்டியின் நிழல் என்று தள்ளுவாரும் உளர். அவர்கள் கூண்டைப் பார்த்தவர்கள் அல்லர்; கூண்டைப் பற்றி எழுதியவரின் அடிக்குறிப்பைப் பார்த்தவர்கள். கீறலின் ஆழத்தைக் கொண்டு முற்காலம் (விளக்கணைத்த உடன்), இடைக்காலம் (நள்ளிரவு), பிற்காலம் (வீட்டார் எழுந்து வந்து கூண்டைத் தட்டும்வரை) என்ற காலப்பகுப்பும் எளிதே. ஹாம்ஸ்டரின் காலத்தை மூவாயிரம் ஆண்டு பின்னுக்குத் தள்ளும் முயற்சி மட்டும் இங்கே மேற்கொள்ளப்படவில்லை. அதற்குத் தகுதியுடைய பேரறிஞர்கள் ஏற்கெனவே பிற பொருள்களைத் தள்ளிக்கொண்டிருக்கிறார்கள். கம்பிவெட்டுகள் ஒருமுகமாகச் சொல்வது இதுதான்: கடிபடுவது சோற்றுப் பக்கம் அன்று, வாசல் பக்கம்.

வரலாறும் இதை ஒத்துக்கொள்கிறது. இன்று வீடுகளில் வளரும் சிரிய ஹாம்ஸ்டர்களில் பெரும்பாலானவை, 1930-இல் அலெப்போ அருகே ஒரு கோதுமை வயலை ஆழத் தோண்டி விலங்கியலாளர் இஸ்ரேல் அஹரோனி எடுத்த ஒரே ஈற்றுக் குட்டிகளின் வழிவந்தவை. எருசலேம் போய்ச் சேர்ந்ததும் அவற்றுள் சில மரக்கூண்டைக் கடித்துத் தப்பின. ஆகவே கூண்டு கடித்தல் கெட்ட பழக்கமன்று. குலவரலாற்றின் முதல் அத்தியாயம். பின்னாளில் மரத்தைக் கம்பியாக மாற்றியவன் மனிதன். அத்தகவல் ஹாம்ஸ்டருக்கு முறைப்படி தெரிவிக்கப்படவில்லை. சுவிட்சர்லாந்து ஆய்வாளர்கள் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், 10, 40, 80 சென்டிமீட்டர் ஆழத்துக்கு மரச்சீவல் நிரப்பிய கூண்டுகளை ஒப்பிட்டார்கள். பத்தில் கடி மிகுதி. எண்பதில் கடியே இல்லை. மறு ஆண்டு வெளியான ஆய்வில், 1,800 சதுர சென்டிமீட்டரிலிருந்து 10,000 வரை நான்கு பரப்புகளில் வளர்த்தபோது சிறிய கூண்டில்தான் நெடுநேரம் கடித்தன. இதற்கு அவ்வளவு தூரம் போயிருக்கவும் வேண்டாம். கம்பம் பள்ளத்தாக்கில் லோயர்கேம்ப் தொடங்கிப் பழனிசெட்டிபட்டி வரை முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரில் இருபோகம் விளையும் 14,707 ஏக்கரில் எந்த வரப்பில் நின்று கேட்டாலும் சொல்வார்கள்: வரப்பு அகலமானால் எலி வளை பறிக்கும், கதிரை இழுத்துப்போய் உள்ளே சேர்க்கும். வளையைத் தடுக்கத்தான் வரப்பைக் குறுக்கச் சொல்கிறது வேளாண்மைத் துறை. ஹாம்ஸ்டர் வளர்ப்பவருக்கு வேண்டியது அந்த அறிவுரையின் நேர் எதிர்ப்பதம்.

பல் வளர்ந்துகொண்டே இருக்கிறதே, கடித்துத்தானே ஆகவேண்டும் எனின்: முன்பற்கள் ஆயுள் முழுக்க வளர்வது மெய். ஆனால் மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஒன்றோடொன்று உரசியே தேய்கின்றன. அது போதாதெனில் ஒரு மரக்கட்டை போதும். கம்பி பல்லை ஒடித்தும் விடலாம், மூக்குமுடியையும் தேய்த்துவிடும். கம்பியில் மிளகாய்த்தூளோ வேப்பெண்ணெயோ தடவலாமே எனின்: ஓயாமல் முன்கால்களால் முகம் துடைக்கும் பிராணி அதைக் கண்ணிலும் பூசிக்கொள்ளும். சத்தம் கேட்டதும் வெளியே எடுத்துக் கொஞ்சலாமே எனின்: கடித்தால் கதவு திறக்கும் என்று நாமே பாடம் நடத்தியதாகும். எலி ஏறாமல் தென்னையைச் சுற்றித் தகரம் அடிப்பார்களே, அதுபோலக் கம்பியே இல்லாத கண்ணாடித் தொட்டிக்கு மாற்றினால் எனின்: இது மேலோட்டமாகப் பார்த்தால் வலுவான தடை. ஆனால் தகரத்தில் வழுக்கிய எலிக்கு அடுத்த தோப்பு இருக்கிறது. தொட்டிக்குள் இருப்பதற்கு அடுத்த மூலைதான் இருக்கிறது. கடி நின்று கண்ணாடியைச் சுரண்டுவது தொடங்கும். தேனி வெயிலில் காற்றோட்டமில்லாத சின்னத் தொட்டி வெந்தும் போகும். வீட்டில் இடமில்லையே எனின்: அந்த 10,000 சதுர சென்டிமீட்டர் என்பது ஒரு சதுர மீட்டர்தான், விருந்தாளிக்கென்று வாங்கி யாரும் உட்காராத சோபா அதைவிடப் பெரிது.

ஆகவே முடிபு: கம்பிக்கு வைத்தியம் பார்க்காதீர்கள், தரைக்குப் பாருங்கள். பெரிய கூண்டு, அதில் 40 சென்டிமீட்டருக்குக் குறையாமல் மரச்சீவலும் வைக்கோலும் கிழித்த காகிதமும், ஓட ஒரு சக்கரம், கடிக்க ஒரு கட்டை. காகிதத்துக்குக் கருத்தரங்க மலர்களைப் பயன்படுத்தலாமா என்று கேட்பவர்களுக்கு: அச்சு மை ஆகாது, வெற்றுத்தாளே உத்தமம், இக்கட்டுரைக்கும் அது பொருந்தும். இத்தனைக்கும் வழியில்லாதவர்கள் ஹாம்ஸ்டர் வாங்காதீர்கள்.