வால் அறுந்த பில் எண்கள்

எண்பதுகளின் கடைசியில் நான் திருப்பூரில் கணக்கு எழுத வந்தபோது, பில் எண் என்பது அச்சகத்துக்காரர் பில் புத்தகத்தின் மேல்மூலையில் அடித்துக் கொடுத்த எண்தான். ஒரு புத்தகத்துக்கு நூறு பில். ஒவ்வொரு பில்லுக்கும் வெள்ளை, ரோஸ், மஞ்சள் என்று மூன்று தாள், நடுவில் கார்பன். நிட்டிங்காரர், சாயப்பட்டறைக்காரர், காஜா பட்டன் போடுபவர், அயர்னிங் செய்பவர் எல்லோரிடமிருந்தும் இந்தத் தாள்தான் வரும். பேரேட்டில் ‘பில் நெ. 45’ என்று எழுதிக்கொள்வோம். தேதியும் பார்ட்டியின் பெயரும் அதே வரியில் இருக்கும்போது வேறென்ன வேண்டும்?

எண்ணைச் சுருக்கமாக வைத்திருந்தது கைதான். நாள் முழுக்க வவுச்சர் எழுதுகிற கை, தேவையில்லாத ஓர் எழுத்தையும் போடாது. எங்கள் மூத்த கணக்குப்பிள்ளை பார்ட்டி பெயர்களையும் சுருக்குவார். ஆனால் அவர் சுருக்கியதற்கு ஒரு முறை இருந்தது. ஒரே சாமி பெயரில் நான்கு கம்பெனிகள் இருந்தால் சாமி பெயரை விட்டுவிட்டு, ‘ராயபுரம்’, ‘அனுப்பர்பாளையம்’, ‘வேலம்பாளையம்’ என்று இடத்தை முதலில் எழுதுவார். எது ஒன்றை மற்றொன்றிலிருந்து பிரிக்கிறதோ அது முன்னால் வர வேண்டும் என்பது அவர் கணக்கு. எந்தச் சுருக்கம் யாரைக் குறிக்கிறது என்று தனி நோட்டு ஒன்றில் முழுப்பெயரோடு எழுதி வைத்திருந்தார். அவர் லீவில் போன நாளில்கூட அந்த நோட்டை வைத்துக்கொண்டு யார் வேண்டுமானாலும் பணம் பட்டுவாடா செய்ய முடிந்தது. நான் பார்த்த கணக்கு வேலைகளில் மிக நேர்த்தியானவற்றில் ஒன்று அந்த நோட்டு.

தொண்ணூறுகளில் கம்ப்யூட்டர் வந்தது. டாஸ் திரையில் ஓடும் ஃபாக்ஸ்புரோ நிரல் ஒன்றை எங்களுக்காக எழுத வந்த இளைஞர் முதலில் கேட்ட கேள்வி, எந்தக் கட்டத்துக்கு எத்தனை எழுத்து என்பதுதான். பார்ட்டி பெயருக்கு 25, ஊருக்கு 15, பில் எண்ணுக்கு 10. பில் புத்தக எண் மூன்று இலக்கம், புத்தகத்தின் வரிசை எண்ணையும் சேர்த்தால் ஆறோ ஏழோ எழுத்து. பத்து என்பது தாராளம். அன்றைக்கு அது நியாயமான முடிவு என்றே இன்றும் சொல்வேன். அந்தக் கோப்பு முறையில் ஒரு கட்டத்துக்கு ஒதுக்கிய இடம், எழுதினாலும் எழுதாவிட்டாலும் தட்டில் பிடித்துக்கொண்டே இருக்கும். பத்தாயிரம் வரி கொண்ட கோப்பில் கட்டத்தை ஐந்து எழுத்து அகலப்படுத்தினால் ஐம்பதாயிரம் எழுத்துக்கான இடம் போகும். நாங்கள் பேக்கப் எடுத்த ஃபிளாப்பியின் கொள்ளளவே 1.44 எம்.பி.தான். கட்டத்தின் பெயருக்கே அந்த முறையில் பத்து எழுத்துதான் அனுமதி. இன்னும் பின்னால் போனால் ஐ.பி.எம். 1928இல் கொண்டுவந்த துளை அட்டை வரும். ஓர் அட்டையில் 80 பத்திகள். பெயர், தொகை, தேதி எல்லாம் அந்த எண்பதுக்குள் அடங்க வேண்டும். எழுத்தை அளந்து கொடுக்கும் பழக்கம் அந்த அட்டைகளின் காலத்திலேயே வேரூன்றிவிட்டது.

பிறகு நடந்ததுதான் என்னைப் பல வருடங்களாக யோசிக்க வைத்திருக்கிறது. எல்லோரும் பில்லைக் கம்ப்யூட்டரில் போடத் தொடங்கியதும் எண்கள் நீண்டன. கைக்கு இருந்த சிரமம் அச்சுக்கு இல்லையே! கம்பெனியின் மூன்றெழுத்து, சாய்கோடு, கிளையின் மூன்றெழுத்து, சாய்கோடு, ‘2016-17’ என்று நிதியாண்டு, இன்னொரு சாய்கோடு, கடைசியில் ஐந்து இலக்க வரிசை எண். மொத்தம் 21 எழுத்து. பார்க்கப் பெரிய கம்பெனியின் பில் மாதிரி இருக்கும். பில்லை அனுப்புகிறவரின் இயந்திரம் நீளமாக எழுதியது. வாங்கி ஏற்றுகிறவரின் இயந்திரம் அதே பத்து எழுத்துக் கட்டத்தோடு இருந்தது.

2017 ஜூலை 1இல் ஜி.எஸ்.டி. வந்தபோது இதற்கு ஓர் எல்லை பிறந்தது. மத்திய ஜி.எஸ்.டி. விதிகளில் 46ஆம் விதி, இன்வாய்ஸ் எண் 16 எழுத்துக்கு மேல் போகக் கூடாது என்கிறது. எழுத்து, எண், இடைக்கோடு, சாய்கோடு தவிர வேறு எதுவும் கூடாது. ஒரு நிதியாண்டுக்குள் அதே எண் திரும்ப வரக் கூடாது. எங்கள் 21 எழுத்து எண்ணை முதல் 16 எழுத்தோடு வெட்டிப் பார்த்தோம். மூன்று, ஒன்று, மூன்று, ஒன்று, ஏழு, ஒன்று: சரியாகப் பதினாறு. அதாவது கம்பெனி பெயர், கிளை, வருடம் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன, வரிசை எண் மட்டும் முழுதாகக் காணோம். அந்த வருடத்தில் அந்தக் கிளை போட்ட எல்லா பில்லுக்கும் ஒரே எண்!

அன்று மாலை நாங்கள் உட்கார்ந்து அந்த எண்ணின் ஒவ்வொரு பகுதியையும் ‘நீ எதற்கு?’ என்று கேட்டோம். கம்பெனி யார் என்பதை 15 எழுத்து ஜி.எஸ்.டி. பதிவு எண் சொல்கிறது. வருடம் எது என்பதைத் தேதி சொல்கிறது. மிச்சம் தேவைப்படுவது எந்தத் தொடர், அதில் எத்தனையாவது பில் என்ற இரண்டே செய்தி. கிளைக்கு இரண்டெழுத்து, வரிசைக்கு ஐந்து இலக்கம், நடுவில் ஒரு சாய்கோடு. எட்டு எழுத்தில் முடிந்தது.

நாமே போடும் பில்லுக்கு இது போதும். பிறர் நமக்குப் போட்ட பில்லின் எண்ணை மாற்ற நமக்கு உரிமை கிடையாது. சப்ளையர் தன் கணக்கில் காட்டிய எண் நமது ஜி.எஸ்.டி.ஆர்-2பி பட்டியலில் வருகிறது. 2022 ஜனவரியிலிருந்து உள்ளீட்டு வரியைத் திரும்பப் பெறுவதே அந்தப் பட்டியலைப் பொறுத்துத்தான். நம் புத்தகத்தில் அந்த எண் அரைகுறையாக இருந்தால் ஒப்பிட்டுப் பார்க்கும்போது எதுவும் பொருந்தாது. தொகையையும் தேதியையும் வைத்துக் கண்ணால் தேட வேண்டியதுதான்.

எழுத்து எல்லையால் வரும் நஷ்டம் வரியோடு நிற்பதில்லை. ஒரு ஏற்றுமதி கம்பெனியில் ஜாப் ஒர்க் பில்களை எக்ஸெலிலிருந்து கணக்கு மென்பொருளுக்கு மொத்தமாக ஏற்றுவோம். மென்பொருள் புதிது, ஆனால் கட்டங்களின் அளவை ஃபாக்ஸ்புரோ காலத்துக் கோப்பிலிருந்து அப்படியே எடுத்து வைத்திருந்தார்கள். செக்கிங் யூனிட் நடத்தும் ஓர் அக்கா மொபைல் செயலியில் பில் போடத் தொடங்கியிருந்தார். அவருடைய எண் மூன்றெழுத்து, சாய்கோடு, ‘24-25’, சாய்கோடு, நான்கு இலக்கம் என்று 14 எழுத்து. விதிப்படி சரியான எண். முதல் பத்து எழுத்தை எண்ணிப் பாருங்கள், வருடத்துக்குப் பிறகு வரும் சாய்கோட்டோடு முடிந்துவிடும். ஏப்ரலில் வந்த முதல் பில் ஏறிவிட்டது. அடுத்து வந்ததையெல்லாம் ‘ஏற்கெனவே உள்ளது’ என்று மென்பொருள் ஒதுக்கிவிட்டது. ஒதுக்கியவற்றை ஒரு தனிக் கோப்பில் வரிசையாக எழுதியும் வைத்திருந்தது. அந்தக் கோப்பைத் திறந்து பார்ப்பது யாருடைய வேலை என்று அந்த அலுவலகத்தில் யாரும் சொல்லி வைக்கவில்லை.

அக்கா ஒரு சனிக்கிழமை மத்தியானம் வந்தார். திருப்பூரில் சனிக்கிழமை என்றால் சம்பள நாள்.

“ஏனுங் சார், போன மாசத்து பில்லு இன்னும் ஏறலைங்களா? புள்ளைங்களுக்குச் சம்பளம் போடோணும்.”

“ஒரு பில்லுதானுங்க்கா காட்டுது.”

“ஒண்ணா? வாரா வாரம் குடுத்திருக்கனுங்களே. உங்க ஆளு கையெழுத்துப் போட்ட டி.சி. எல்லாம் எங்கிட்ட இருக்குதுங்.”

இருந்தது. டெலிவரி சலான்களைத் தேதி வாரியாக ரப்பர் பேண்டு போட்டு எடுத்து வந்திருந்தார். அவருடைய கணக்கில் தவறே இல்லை. பில்களைக் கையால் பதிந்து அன்றைக்கே அவருக்குப் பணம் கொடுக்க ஏற்பாடு செய்தோம். கேட்க வராத மற்றவர்களை நினைத்துத்தான் எனக்குத் தூக்கம் வரவில்லை. திங்கட்கிழமை அந்த ஒதுக்கல் கோப்பை முழுதாக வாசித்தோம். சிறிய பட்டறைக்காரர்கள், வீட்டில் இரண்டு மெஷின் போட்டிருப்பவர்கள்தான் அதில் அதிகம். பெரிய மில்காரர்கள் தங்கள் ஆளை அனுப்பிக் கேட்டு வாங்கிவிடுகிறார்கள். குறு, சிறு தொழில் செய்பவர்களுக்கு ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளுக்குள்ளும், இல்லாவிட்டால் 15 நாளுக்குள்ளும் பணம் தர வேண்டும் என்கிறது எம்.எஸ்.எம்.இ. சட்டம். 2023-24 நிதியாண்டிலிருந்து, அந்தக் கெடு தாண்டினால் பணம் கொடுத்த வருடத்தில்தான் அதைச் செலவாகக் காட்ட முடியும் என்று வருமான வரிச் சட்டத்திலும் சேர்த்துவிட்டார்கள். ஒதுக்கல் கோப்பில் கிடக்கும் பில்லுக்கும் அந்த நாட்கள் ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

வெட்டுவது கணக்கு மென்பொருள் மட்டுமல்ல. எக்ஸெலும் தன் பங்குக்குச் செய்யும். முன்னால் சுழியம் இருந்தால் விழுங்கிவிடும். ‘5-12’ என்ற பில் எண்ணைத் தேதியாக மாற்றிவிடும். 15 இலக்கத்துக்கு மேல் போகும் எண்ணில் மீதி இலக்கங்களைச் சுழியமாக்கிவிடும். 12 இலக்க இ-வே பில் எண்ணை அடுக்குக்குறி வடிவத்தில் சுருக்கிக் காட்டும். அந்த நிலையிலேயே சி.எஸ்.வி. கோப்பாகச் சேமித்தால் சுருங்கியதுதான் மிஞ்சும், எண் போயே போய்விடும். அந்தப் பத்தியை எண்ணாக இல்லாமல் எழுத்தாக வைத்துக்கொண்டு பிறகு ஒட்டினால் இத்தனையும் தவிரும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பணம் போட்ட விவரச் சீட்டில் பெயரும் ஊரும் தமிழில் வந்தால் பட்டறைக்காரர்களுக்கு உதவும் என்று நாங்கள் கேட்டோம். திருப்பூர் என்பது நமக்கு ஐந்தெழுத்து. யூனிகோடில் துணைக்குறியும் புள்ளியும் தனித்தனியாக எண்ணப்படுவதால் பத்துக் குறிகள். யு.டி.எஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட், ஆக முப்பது பைட். ஆங்கிலத்தில் எழுதினால் இதே ஊர் எட்டே பைட். கட்டத்தின் அளவை பைட்டில் வைத்து இருபது என்றால், ‘திருப்’ வரை வந்து அதற்குப் பின் உடைந்த கட்டம் ஒன்று அச்சாகும். தமிழுக்குக் கட்டம் வைக்கிறவர்கள் எழுத்தை எண்ணாமல் பைட்டை எண்ணி இடம் விட வேண்டும். இது சலுகை அல்ல, எங்கள் ஊரின் பெயர் முழுதாக வருவதற்கு வேண்டிய இடம்.

இப்போது நாங்கள் செய்யும் முறையில் அந்தப் பழைய நோட்டின் சாயல் இருக்கிறது. ஏற்றுவதற்கு முன் எக்ஸெலில் ஒரு பத்தி சேர்த்து ஒவ்வொரு எண்ணின் நீளத்தையும் அளக்கிறோம். எல்லை தாண்டியதை இடமிருந்து வெட்டி எடுக்கும் சூத்திரத்தை யாரும் போடக் கூடாது என்பது கண்டிப்பு. அதற்குப் பதிலாக நாங்களே குறுகிய உள்எண் ஒன்று கொடுத்து, அதற்கு நேரே சப்ளையரின் முழு எண்ணையும் எழுதி, அந்தப் பட்டியலை வருடக் கணக்கோடு பாதுகாக்கிறோம். முழு எண் குறிப்புக் கட்டத்திலும் போகும். டேலி மாதிரியான மென்பொருளில் வவுச்சர் எண் வேறு, சப்ளையர் இன்வாய்ஸ் எண் வேறு என்று இரண்டு கட்டம் இருப்பதால் அங்கே வேலை எளிது. இ-இன்வாய்ஸின் ஐ.ஆர்.என். என்ற குறிப்பு எண் 64 எழுத்து. அதை எந்தக் கட்டத்திலும் திணிக்காமல் தனிப் பத்தியில் வைக்கிறோம். ஏற்றிய பிறகு கோப்பில் இருந்த பில் எத்தனை, மென்பொருளில் ஏறியது எத்தனை, இரு பக்கத்து மொத்தத் தொகை என்ன என்று மூன்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் அந்த நாள் முடியும். பழைய பத்து எழுத்துக் கட்டத்தை ஐம்பதாக மாற்றச் சொல்லி வாங்கியும்விட்டோம்.

ஆனாலும் வங்கிக்குப் போகும் பணக் கோப்பில் குறிப்புக்கான இடம் குறுகியதுதான், அது எங்கள் கையில் இல்லை. அதனால் ஒவ்வொரு மார்ச் கடைசியிலும் ஜாப் ஒர்க்காரர்களுக்குத் தமிழில் அரைப் பக்கக் கடிதம் ஒன்று அனுப்புகிறோம். ஏப்ரல் 1இலிருந்து புதுத் தொடர் தொடங்கும்போது வரிசை எண்ணை முன்னால் வையுங்கள், வருடத்தைப் பின்னால் போடுங்கள், 1001இலிருந்து தொடங்குங்கள் என்று கேட்கிறோம். சுழியத்தில் தொடங்கும் எண்ணை இ-இன்வாய்ஸ் தளம் ஏற்காது. வலப்பக்கம் எங்கே வெட்டுப்பட்டாலும் போவது வருடமாக இருக்கட்டும். போன ஏப்ரலில் பாதிப்பேருக்கு மேல் மாற்றிவிட்டார்கள். மீதிப்பேரின் செயலியில் அந்த வசதி எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை என்கிறார்கள். அவர்களை ஒரு மத்தியானம் போனோடு அலுவலகத்துக்கு வரச் சொல்லியிருக்கிறோம்.